கைக்குத் தெரியாது வேகம்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரை எந்த டீக்கடை முன்னாலும், ஓடும்போது ஊசி அசையாத பைக் ஒன்றாவது நிற்கும். கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "மீட்டர் எதுக்குண்ணே? ஆக்சிலேட்டரைப் பிடிச்ச கைக்குத் தெரியாதா எவ்வளவுல போறோம்னு?" இருபது வருடமாக ஓட்டுகிறவரும் இதையே சொல்கிறார், புதிதாக லைசென்ஸ் வாங்கிய பையனும் இதையே சொல்கிறான். தெரியாது. இந்தக் கடற்கரையில் நிச்சயமாகத் தெரியாது.

வேகத்தை உணர உடம்பில் தனிப் புலன் கிடையாது. பக்கத்து மரமும் கம்பமும் பின்னால் ஓடும் விதம், முகத்தில் அடிக்கும் காற்று, இன்ஜின் சத்தம் இவற்றிலிருந்து மனம் ஊகிக்கிறது. முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் கண்ணுக்கு ஏது பிடிமானம்? இரண்டு பக்கமும் மணல், அதற்கப்பால் கடல். கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் போகும்போது காற்று முதுகைத் தள்ளும். 30 கிலோமீட்டர் வேகக் காற்று பின்னாலிருந்து வந்தால், 70இல் போகிறவர் முகத்தில் படுவது 40இல் போகும் காற்றுதான். திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்கும். 50இல் வந்தாலே 80இல் வருவதுபோல் அறையும். அதே ஆள், அதே கை, அதே சாலை. போகும்போது சொன்ன கணக்கும் வரும்போது சொன்ன கணக்கும் இரண்டுமே பொய். சாலையின் குறுக்கே மணல் ஏறிக்கிடக்கும் இடத்தில் இந்தப் பொய்க்கு விலை எலும்பு.

தொண்டியிலிருந்து தேவிபட்டினம் நோக்கி கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரைமணி நேரம் விரட்டிவிட்டு ஊருக்குள் நுழைபவருக்கு, இன்னும் வேகமாகத்தான் போகிறார் என்றாலும் வண்டி ஊர்வதுபோலவே இருக்கும். பழகிய வேகம் மெதுவாகத் தோன்றுவது மனித மூளையின் இயல்பு. அனுபவம் இதைத் திருத்துவதில்லை.

காற்றோடு பிறந்து வளர்ந்தவர்கள் பாம்பன்காரர்கள். ஆனாலும் 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை ஆள் பார்த்துச் சொல்லும்படி விட்டுவிடவில்லை. அளக்கும் கருவி வைத்தார்கள். அந்தப் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பானது, ரயில் நின்றது. பக்கத்திலேயே, 1988இல் திறந்த சாலைப் பாலத்தில், அதே காற்றில், ஊசி செத்த மீட்டரோடு மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போகிறோம்.

இன்னொரு சமாதானமும் உண்டு: "மீட்டர் எப்பவும் கூடத்தான் காட்டும், பத்தைக் கழிச்சுக்க." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது அதிக ஆபத்து. ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன ஒழுங்குமுறைப்படி, மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூடுதலாகக் காட்ட ஓரளவு இடமுண்டு. ஆனால் அது புது வண்டிக்கு, கம்பெனி டயருக்குச் சொன்ன கணக்கு. மீட்டரை ஓட்டும் சக்கரத்தில் பெரிய டயரைப் போட்டால் அதே தூரத்துக்குச் சக்கரம் குறைவாகச் சுற்றும். மீட்டரும் குறைத்துக் காட்டும். டிஜிட்டல் மீட்டருக்கும் இதே கதிதான். 1902இல் ஜெர்மனிக்காரர் ஓட்டோ ஷூல்ஸ காப்புரிமை பெற்ற முறையில்தான் கேபிள் வைத்த ஊசி மீட்டர்கள் இயங்குகின்றன: கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்ற, அது அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் தடுத்து நிறுத்துகிறது. காந்தம் பலம் குன்றினால் ஊசி தாழும், வில் தளர்ந்தால் ஏறும். உப்புக்காற்று கேபிளுக்குள் புகுந்து துரு ஏற்றினால் ஊசி துள்ளும், பிறகு ஒருநாள் அறுந்துபோகும். எந்தப் பக்கம் தவறுகிறது என்றே தெரியாத மீட்டரில் எதைக் கழிப்பது?

60 என்று நினைத்து 72இல் போகிறவருக்கு, பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் ஏறத்தாழ 44 சதவீதம் கூடிவிடும். மீன் பெட்டி கட்டிய வண்டியில் இந்த வித்தியாசத்தைக் கை சரிக்கட்டாது.

சரிபார்க்கக் காசு வேண்டாம். ஆளில்லாத நேர்ச்சாலையில், ஊசியை 60இலேயே நிறுத்தி ஓட்டுங்கள். பின்னால் உட்கார்ந்தவர் ஐந்து கிலோமீட்டர் கல்லுக்கு நேரம் பார்க்கட்டும். ஐந்து நிமிடம் ஆனால் மீட்டர் சரி. அதற்கு முன்பே முடிந்தால் மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. மெக்கானிக்கிடம் போக வேண்டியது அன்றைக்கே.

மீட்டர் கட்டாயம் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ஆனால் சொந்த பைக்கின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதுவரை மீட்டரை யாரும் சோதிப்பதில்லை. புகைச் சான்றிதழ் கேட்கும் அரசு, அதே இடத்தில் மீட்டரை ஓட்டும் சக்கரத்தை உருளையில் ஓடவிட்டு ஊசியையும் பார்க்கச் சொல்லலாம். முதலில் இந்தக் கடலோர மாவட்டங்களில் தொடங்கட்டும்.