படகின் யன்னலுக்கு வீட்டு ஆணியா?

கரையோரக் கிராமங்களின் அபிவிருத்தி என்றதும் துறைமுகம், ஐஸ் தொழிற்சாலை, கடன் திட்டம், சந்தை வாய்ப்பு என்று பெரிய விடயங்களைப் பேசுவதே எம்மிடையே வழக்கம். இவ்விதழில் மிகச் சிறியதொரு பொருளைப் பற்றி எழுத விரும்புகிறோம். ஆழ்கடல் இயந்திரப் படகொன்றின் கபினில், யன்னல் சட்டத்தைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் ஆணியே அது. இது ஓடாவியும் ஹாட்வெயார் கடைக்காரரும் பார்த்துக்கொள்ள வேண்டிய விடயமல்லவா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அவர்களிடம் மட்டும் விட்டுவிடக்கூடாத விடயம் என்பதே எமது கருத்து.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கடற்கரைகளில் பராமரிப்புக்காகக் கரையேற்றப்பட்டிருக்கும் படகுகளைச் சற்று நின்று பாருங்கள். பல கபின்களில் யன்னலின் கீழ் மூலையிலிருந்து செந்நிறக் கோடொன்று வழிந்திருக்கும். அது கறள். வருடாந்தம் தீந்தை பூசும்போது அக்கோடும் மறைந்துவிடுகிறது. சில மாதங்களில் மீண்டும் தலைகாட்டுகிறது. உள்ளே ஆணி கரைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிவித்தல் வேறெதுவும் தேவையில்லை.

இதற்குக் காரணம் தொழில் தெரியாமை அல்ல. எமது பகுதியில் அலுமினிய வேலை செய்வோர் திறமைசாலிகள். சுனாமிக்குப் பின்னர் எழுந்த வீடுகளிலும் கடைகளிலும் அவர்களது கைவண்ணத்தைக் காணலாம். அதே கடையில்தான் படகின் யன்னலும் செய்யப்படுகிறது. வீட்டுக்குப் பயன்படுத்தும் அதே சட்டம், அதே ஆணி, அதே சிலிக்கோன். ஆனால் வீடு ஆடுவதில்லை. டீசல் இயந்திரத்தின் அதிர்வு இரவு பகலாக வீட்டின் சுவரில் ஏறுவதில்லை. வீட்டு யன்னல் தாங்க வேண்டியது காற்றையும் மழையையும் மட்டுமே. படகின் முன்பக்க யன்னலோ வாடைக் காலத்தில் அலையைத் தாங்க வேண்டும். ஒரு கனமீற்றர் கடல்நீரின் நிறை ஏறத்தாழ 1,025 கிலோகிராம். ஒரு தொன்னுக்கும் சற்று அதிகம். அந்நிறை வேகத்தோடு வந்து மோதும்போது அதை எதிர்கொள்வது கண்ணாடி மாத்திரமல்ல, அதைச் சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு ஆணிகளுந்தான்.

யன்னல் பெயர்ந்தால் ஒரு கண்ணாடியே நட்டம் என்று எண்ணிவிடக்கூடாது. பெரும்பாலான படகுகளில் கபினின் அடியிலேயே இயந்திர அறை இருக்கிறது. உட்புகும் நீர் பற்றரியை அடையும். விளக்கும் வானொலியும் அணையும். அடுத்து இயந்திரம் நிற்கும். இயந்திரம் நின்ற படகு அலைக்கு முகங்கொடுக்க முடியாமல் பக்கவாட்டில் திரும்பும். அடுத்த அலை எங்கே விழும் என்பதைக் கடலுக்குப் போகிறவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இனி ஆணிகளைப் பார்ப்போம். கடையில் மலிவாகக் கிடைப்பது வெள்ளையாக அல்லது மஞ்சளாகப் பளபளக்கும் நாக முலாம் பூசிய இரும்பு ஆணி. அந்த முலாமின் தடிப்பு பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு மைக்குரோன் வரையே இருக்கும். தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஸ்குரூ டிரைவரால் இறுக்கும்போதே தலையில் முலாம் உரிந்துவிடுகிறது. உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்த கல்வனைஸ் போல்டில் பூச்சு இதைவிடப் பல மடங்கு தடிப்பு. சாம்பல் நிறமாய்ச் சொரசொரப்பாக இருப்பதால் அதை யாரும் விரும்பி எடுப்பதில்லை. மரக் கபினுக்கு அது பளபளப்பான ஆணியைவிட எவ்வளவோ மேல்.

பித்தளை கறள் பிடிக்காது என்பது முன்னோர் காலத்து நம்பிக்கை. பாதி உண்மை. பித்தளை செம்பும் நாகமும் கலந்த உலோகம். உப்பு நீரில் நாகம் மெல்லமெல்ல வெளியேறிவிட, செம்பின் சல்லடையே மிஞ்சுகிறது. மஞ்சள் நிறம் மங்கி இளஞ்சிவப்பாக மாறிய பித்தளை ஆணியை ஒரு திருகு திருகினால் தலை தனியே கையோடு வந்துவிடும். அலுமினியச் சட்டத்தில் பித்தளை ஆணி அடிப்பது இன்னும் மோசம். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலம் போலாகி, ஒன்று மற்றதைத் தின்னும். இங்கு தின்னப்படுவது அலுமினியம். ஆணித் துளையைச் சுற்றி வெள்ளை மா போன்ற பொடி படிந்திருந்தால் அதுதான் நடக்கிறது.

"ஸ்டெயின்லெஸ் போட்டிருக்கிறோம்" என்று சொல்லும் உரிமையாளர்களும் உண்டு. எந்த ஸ்டெயின்லெஸ் என்று அவர்களிடம் கேட்க வேண்டும். கடைகளில் அதிகம் கிடைப்பது 304 என்னும் வகை. குரோமியமும் நிக்கலும் கலந்தது. சமையற் பாத்திரத்துக்குப் போதும். 316 என்னும் வகையில் இவற்றோடு இரண்டு முதல் மூன்று வீதம் மொலிப்தனமும் சேர்ந்திருக்கிறது. உப்புக்கு ஈடுகொடுப்பது இதுவே. காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கம் எம்மவரிடம் இருக்கிறது. சாதாரண இரும்பைக் கண்டுபிடிக்க அது உதவும். 304ஐயும் 316ஐயும் அது பிரித்துக் காட்டாது. அறுகோணத் தலையுள்ள போல்ட் என்றால் தலையைப் பாருங்கள். ஏ2-70 என்று பொறித்திருந்தால் அது 304 வகையைச் சேர்ந்தது. ஏ4-70 அல்லது ஏ4-80 என்றிருந்தால் 316 வகை. ஒன்றும் பொறிக்கப்படாத போல்டைக் கடைக்காரரின் வாய்மொழியை நம்பி வாங்குவது உரிமையாளரின் துணிச்சல்.

316 ஆக இருந்தாலும் அது மந்திர ஆணியல்ல. ஸ்டெயின்லெஸ்ஸைக் காப்பது அதன் மேல் தானாகவே உண்டாகும் மெல்லிய படலம். அப்படலம் நிலைத்திருக்க ஒட்சிசன் வேண்டும். காற்றுப் படாத ஈர மரத்தினுள் உப்பு நீர் தேங்கி நின்றால் தலை பளபளத்துக்கொண்டிருக்க, உள்ளே தண்டு அரிக்கப்பட்டுவிடும். ஆகவே சட்டத்தின் பின்புறம் முழுவதும், ஒவ்வொரு துளையிலும், கடற்பாவனைக்கான பசையை இட்டு நீர் உட்புகாமல் அடைப்பது ஆணியின் தரத்துக்குச் சமமான விடயம். அலுமினியச் சட்டமென்றால் ஆணித் தலைக்கும் சட்டத்துக்கும் இடையில் நைலோன் வொஷர் ஒன்று. சில சதத்துப் பொருள்.

பைபர் கபின்களில் வேறொரு தவறு நடக்கிறது. சில மில்லிமீற்றர் தடிப்பேயான பைபர் சுவரில் தானே வெட்டிக்கொண்டு இறங்கும் ஆணியை முறுக்கிவிடுகிறார்கள். அன்று இறுக்கமாகவே இருக்கும். அதிர்வில் பைபர் நொறுங்கி, துளை தளர்ந்துவிடும். பொப் ரிவெட் அடிப்போரும் உளர். அதன் உள்ளே உடைந்து தங்கும் இரும்புக் கம்பி கறளாகி வழியும். சுவரை ஊடுருவிச் செல்லும் போல்ட், உட்புறத்தில் அகன்ற வொஷர், நைலோன் பூட்டுள்ள நட். இதற்கு மாற்றில்லை என்று நாம் கருதுகிறோம். சுவரின் நடுவில் பிளைவூட் இருந்தால் துளையைச் சற்றுப் பெரிதாக இட்டு, ரெசினால் நிரப்பி, காய்ந்தபின் மீண்டும் துளையிட வேண்டும். இல்லையேல் பிளைவூட் ஈரத்தைக் குடித்து உக்கிவிடும். நல்ல போல்ட் நல்ல மரத்தைத் தேடிக்கொண்டிருக்கும்.

ஆணியைவிட முக்கியமான ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். யன்னல் எந்தப் பக்கத்திலிருந்து பொருத்தப்படுகிறது? உட்புறமாகப் பொருத்திய சட்டத்தை அலை தாக்கும்போது முழுப் பாரமும் ஆணிகளிலேயே விழுகிறது. துவாரத்தைவிடப் பெரிதான சட்டத்தை வெளிப்புறமாகப் பொருத்தினால், அலை அதைச் சுவரோடு சேர்த்தே அழுத்தும். அப்போது தாங்குவது சுவர். ஆணிக்கு வேலை சட்டத்தையும் பசையையும் இடத்தில் வைத்திருப்பது மட்டுமே. அலுமினியக் கடைக்காரர் வீட்டு வேலையின் பழக்கத்தில் உட்புறமாக வைத்துவிடுகிறார். வெளிப்புறமாக வை என்று ஒரு வார்த்தை சொல்வதற்குப் பணம் எதுவும் செலவாகாது.

எமது கரையில் இந்த விடயம் ஏனைய இடங்களைவிடக் கடுமையாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒலுவில் துறைமுகம் 2013 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டது. வாயிலை மணல் அடைத்ததால் பல காலம் படகுகள் உள்ளே செல்ல முடியாதிருந்ததும், அயற்கிராமங்களின் கரை அரிக்கப்பட்டதும் வாசகர்கள் அறிந்ததே. துறைமுகம் கைகொடுக்காத காலங்களில் எம்மவரின் பெரிய படகுகள் திறந்த கடலில் நங்கூரமிட்டே நின்றன, அல்லது வாழைச்சேனைக்குப் போயின. திறந்த கடலில் நிற்கும் படகு தொழிலுக்குப் போகாத நாளிலும் உப்புத் தூவானத்தில் நனைந்துகொண்டிருக்கிறது. அதன் ஆணிகளுக்கு ஓய்வு நாள் கிடையாது.

விலை பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2022இல் ரூபா வீழ்ந்தபோது இறக்குமதியாகும் ஒவ்வொரு போல்டும் நட்டும் விலையேறியது. டீசல் வரிசையில் நாட்களைக் கழித்த உரிமையாளர் மலிவான ஆணியைத் தேடியதைக் குறைசொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஆயினும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆறு யன்னல், ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு போல்ட், மொத்தம் எழுபத்திரண்டு. ஏ4 போல்டின் விலை முலாம் ஆணியின் விலையைப் போலப் பல மடங்கானாலும், எழுபத்திரண்டுக்குமான மேலதிகச் செலவு ஒரு பயணத்துக்கு ஏற்றும் டீசலின் விலையை எட்டாது.

அப்படியானால் ஏன் செய்யப்படுவதில்லை? எமது பார்வையில் இதன் வேர் பங்கு முறையில் இருக்கிறது. டீசல், ஐஸ், இரை, சாப்பாடு ஆகியவற்றின் செலவு மீன் விற்ற பணத்திலிருந்து முதலில் கழிக்கப்படும். எஞ்சியதே படகுக்கும் ஆட்களுக்கும் பங்காகும். திருத்த வேலையோ பொதுவாக முதலாளியின் பொறுப்பு. ஆணிக்குக் காசு கொடுப்பவர் கரையில் இருக்கிறார். அந்த ஆணிக்குப் பின்னால் உறங்குபவர் கடலில் இருக்கிறார். கடலில் இருப்பவர் முன்பணம் வாங்கியவராகவும் இருந்தால், "முதலாளி, யன்னல் ஆடுது" என்று ஒரு முறை சொல்வார். இரண்டாம் முறை சொல்லமாட்டார். முஸ்லிம் சகோதரர்களிடையே அமானிதம் என்றொரு சொல் உண்டு. நம்பி ஒப்படைக்கப்பட்டதைப் பேணிக் காத்தல் என்று பொருள். படகில் ஏறும் நான்கைந்து உயிர்களும் முதலாளியிடம் உள்ள அமானிதம் அல்லவா என்று பள்ளிவாசலிலும் கேட்கப்பட வேண்டும், கோவிலிலும் தேவாலயத்திலும் கேட்கப்பட வேண்டும்.

தொண்டு நிறுவனங்களும் இதிலிருந்து விலகி நிற்க முடியாது. 2004 டிசம்பர் 26க்குப் பின்னர் எமது கரைக்கு வந்து சேர்ந்த படகுகள் எண்ணிக்கையால் அளக்கப்பட்டன. அக்காலத்தில் நாட்டில் அவசரமாகக் கட்டப்பட்ட பைபர் படகுகள் பலவற்றின் தரக்குறைவை உணவு விவசாய ஸ்தாபனமே சுட்டிக்காட்டியது. அறிவு இல்லாமல் இது நடக்கவில்லை. சிறிய ஆழ்கடல் மீன்பிடிப் படகுகளுக்கான பாதுகாப்பு வழிகாட்டியொன்றை அதே ஸ்தாபனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1993இலேயே சென்னையிலிருந்து வெளியிட்டிருந்தது. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் எமது மீனுக்குத் தடை விதித்தபோது, ஆழ்கடல் படகுகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் செய்மதிக் கருவிகளைப் பொருத்தும் வேலை துரிதமாக நடந்தது. மீன் விற்பனைக்காக அவ்வளவு செய்ய முடிந்தது. கருவி இருக்கும் அதே கபினின் யன்னலை ஒரு தடவை கையால் தள்ளிப் பார்ப்பது அதைவிடக் கடினமான வேலையல்ல.

கடற்றொழில் கூட்டுறவுச் சங்கங்கள் ஏ4 போல்டுகளையும் வொஷர்களையும் கொழும்பிலிருந்து பெட்டியாக இறக்கி, உறுப்பினருக்குத் தேவையான எண்ணிக்கையில் சில்லறையாகக் கொடுக்கலாம். பெட்டியாக வாங்கினால் விலையும் இறங்கும், பொறிப்பையும் சரிபார்க்கலாம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பீடம் இருக்கிறது. கடைகளில் விற்கப்படும் ஆணிகளைப் பரிசோதித்துச் சொல்வது மாணவர்களுக்கு நல்லதொரு செயற்றிட்டமாகும். படகுக்குக் கடனோ நன்கொடையோ வழங்கும் நிறுவனங்கள் இயந்திரத்தின் குதிரைவலுவை எழுதும் அதே தாளில் யன்னலின் போல்ட் வகையையும் எழுதிக் கேட்கட்டும்.

இவையெல்லாம் வரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு எளிய வழியொன்று. வாங்கப்போகும் ஆணியில் இரண்டை முதலில் வாங்குங்கள். கடல்நீரில் நனைத்த துணியில் சுற்றி, துணி காயாமல் இரண்டு கிழமை வைத்திருங்கள். பின்னர் அத்துணியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வாடைக்கு முன்னர், ஐப்பசியிலேயே இதைச் செய்தால் மாற்றிப் பூட்டுவதற்கும் அவகாசம் இருக்கும்.