சிப்பத்துக்கு 65 ரூபாய்

நெல் கொள்முதலுக்குப் பொறுப்பேற்றிருக்கும் மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

காவிரிக் கடைமடையில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி எழுதிக்கொள்வது. குறைதீர் நாள் கூட்டத்தில் நான் எழுந்து பேசத் தொடங்கியதும், "கதையெல்லாம் வேண்டாம், கோரிக்கையை மட்டும் சொல்லுங்க" என்று அன்போடு நெறிப்படுத்தினீர்கள். சொன்னேன். "ஆவன செய்யப்படும்" என்ற பதிலும் கிடைத்தது. ஆவன செய்யத் தங்களுக்குப் போதிய அவகாசம் கொடுத்துவிட்டோம் என்ற எண்ணத்தில், அன்று விட்டுப்போன கதையை இப்போது சொல்கிறேன். ரசீது தராத இடத்தில் நடந்ததற்கு வேறென்ன ஆவணம் காட்டுவது?

நன்றியில் தொடங்குவதே முறை. குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று 2021 தேர்தலின்போது வாக்குறுதி தரப்பட்டது. 2025 செப்டம்பரில் அது கைக்கு வந்தது. பொது ரகத்துக்கு அப்போது ஒன்றிய அரசின் ஆதார விலை 2,369 ரூபாய், மாநில அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாய். இடையில் போன நான்கு ஆண்டுகளை யாரும் பெரிதுபடுத்தவில்லை. வானத்தை நம்பி விதைப்பவர்கள் அரசாங்கத்தையும் கொஞ்சம் நம்பத்தானே வேண்டும்? அறிவிப்பு வந்த அன்று எங்கள் தெரு டீக்கடையில் ஒரே கணக்குப் பேச்சு. நாற்பது கிலோ சிப்பம் ஒன்றுக்குச் சுளையாக 1,000 ரூபாய். எழுதப் படிக்கத் தெரியாதவரும் மனக்கணக்காகப் போட்டுவிடலாம் என்பதற்காகவே தாங்கள் இந்த விலையை வைத்ததாகக்கூட ஒருவர் சொன்னார்.

நான் போட்டது மோட்டா ரகக் குறுவை, அதாவது அந்தப் பொது ரகம்தான். அறுவடை இயந்திரம் வயலை விட்டு வெளியேறிய மாலையே நெல்லைக் களத்தில் கொட்டினேன். எனக்கு முன்னால் வரிசையாக அம்பாரங்கள். கொள்முதல் நிலையத்தில் ஏற்கெனவே எடைபோட்ட மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அவற்றை ஏற்ற லாரி வரவில்லை. லாரி வராமல் இடம் காலியாகாது, இடம் காலியாகாமல் எடை போட மாட்டார்கள். ஐப்பசி மழை மட்டும் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. தார்ப்பாய் வாடகைக்கு எடுத்தோம். மழை விட்ட நேரத்தில் தார்ச்சாலையில் பரப்பி, பேருந்து ஓட்டுநர்களிடம் ஏச்சு வாங்கி, மறுபடி குவித்தோம். ஒரு காலை அம்பாரத்துக்குள் கையை விட்டேன். உள்ளே வெந்நீர்ப் பானை போலச் சூடு. அடியிலிருந்து அள்ளிய நெல்லில் ஊசிமுனை அளவு வெள்ளை முளை. அன்றுதான் என் முறை வந்தது. ஈரப்பதமானி 21 காட்டியது. 17 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பது விதி. விதியை நான் குறை சொல்லவில்லை. அறுத்தபோது இல்லாத ஈரத்தைத் தங்கள் வாசலில் காத்திருந்த காலம்தான் ஏற்றியது என்பதை அந்தக் கருவி காட்டவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஒரு வழி சொன்னார்கள். சிப்பத்துக்கு 40 ரூபாய். அதைக் கொடுத்ததும் அதே நெல் எப்படியோ காய்ந்துவிட்டது. தராசில் நாற்பது கிலோவுக்கு மேல் ஒரு கிலோ சேர்த்தே நிறுத்தார்கள். கேட்டால் "காய்ச்சல் கழிவு". அந்த ஒரு கிலோவின் விலை 25 ரூபாய். ஆக, சிப்பத்துக்கு 65. எனக்குத் தேறியது 120 சிப்பம்; போனது 7,800 ரூபாய். அதே 120 சிப்பத்துக்கு அரசு மனமுவந்து அளித்த ஊக்கத்தொகை 6,288 ரூபாய். தாங்கள் கொடுத்த ஊக்கத்தைத் திருப்பித் தந்தது போக, மேற்கொண்டு 1,512 ரூபாயும் நானே கட்டியிருக்கிறேன். இதில் ஒரு நயம் உண்டு: அரசின் பணம் பிறகு வங்கிக் கணக்கில் வரும், இந்தப் பணத்தைக் களத்திலேயே ரொக்கமாக வைக்க வேண்டும். அதற்கு மனைவியின் தோடு அடகுக்குப் போனது.

மூட்டை தூக்குகிறவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்களும் எங்கள் தெருப் பிள்ளைகள்தான். பட்டியல் எழுதுபவரும் பருவத்துக்கு வேலை பார்ப்பவர். வாங்கியதில் தனக்கு எவ்வளவு நிற்கிறது, மேலே எவ்வளவு போகிறது என்று அவரே சலித்துக்கொண்டார். "மேலே" என்றபோது அவர் கை காட்டிய திசையைத் தங்கள் மீதுள்ள மரியாதை காரணமாக நான் கவனிக்கவில்லை.

புகார் செய்திருக்கலாமே என்பீர்கள். சுவரில் எழுதியிருந்த எண்ணுக்குப் பேசினேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் களத்தில் என்னைப் பெயர் சொல்லி அழைத்து, "போன் பண்ணினீங்களாமே" என்று விசாரித்தார்கள். தகவல் இவ்வளவு வேகமாகப் போகும் துறையில், லாரி மட்டும் ஏன் தாமதமாகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை, ஐயா. இன்று எத்தனை சிப்பம் எடை போட்டோம், எத்தனை சிப்பம் லாரியில் போனது, வரிசையில் யார் யார் என்று தினமும் மாலையில் ஒரு பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். களத்துக்கு நெல் வந்த அன்றே ஈரப்பதம் பார்த்துச் சீட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். காத்திருக்கும் நாள்களின் ஈரம் யார் கணக்கில் என்பது அப்போது தெரிந்துவிடும். சம்பா அறுவடைக்குள் இவ்விரண்டும் நடந்தால் போதும். ஆய்வுக்கு வருவதானால் முன்கூட்டிச் சொல்லாமல் வாருங்கள். சென்ற முறை தாங்கள் வந்தபோது முதல் நாளே களத்தைக் கூட்டி, எங்கள் அம்பாரங்களைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தள்ளி வைக்கச் சொன்னார்கள். தாங்கள் இறங்கிப் பார்த்த இடம் சுத்தமாக இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் மீது இன்னும் கொஞ்சம் நம்பிக்கை வைத்திருக்கும்
கடைமடை விவசாயி