திருடுபோகும் சிறு விமானங்கள்: மெக்சிகோ, அமெரிக்க அரசு அதிகாரிகளுக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
செயற்குழு,
கலிஃபோர்னியா, அரிசோனா மாநிலங்களிலிருந்து மெக்சிகோவுக்குப் பறக்கும் சிறு விமான உரிமையாளர்கள், விமானிகள் சங்கம்.

பெறுநர்:
தலைமை இயக்குநர், கூட்டாட்சிக் குடிமை விமானப் போக்குவரத்து முகமை, மெக்சிகோ நகரம்.
நிர்வாகி, அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் (எஃப்.ஏ.ஏ.), வாஷிங்டன்.
ஆணையர், அமெரிக்கச் சுங்கம் மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறை, வாஷிங்டன்.
உதவிச் செயலர், தூதரக விவகாரப் பிரிவு, அமெரிக்க வெளியுறவுத் துறை, வாஷிங்டன்.

பொருள்: வெளிநாட்டு ஓடுதளங்களில் திருடுபோகும் சிறு விமானங்கள் – அவற்றின் உரிமையாளர்களது பாதுகாப்பு – 1981ஆம் ஆண்டின் மீட்பு உடன்படிக்கையை உரிமையாளர்களுக்குப் பயன்படும்படி செயல்படுத்துதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்கத்தினர் நான்கு அல்லது ஆறு இருக்கைகள் கொண்ட ஒற்றை எஞ்சின் விமானங்களில் எல்லை தாண்டி மெக்சிகோவுக்குப் போய்வருகிறவர்கள். எங்களில் ஆசிரியர்கள், மெக்கானிக்குகள், மருத்துவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் எனப் பலரும் உண்டு. எங்கள் விமானங்களில் பல, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டவை. வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் அதில் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நீளும் பாஜா கலிஃபோர்னியா தீபகற்பத்துக்கும் சிறு விமானத்துக்கும் பழைய உறவு உண்டு. தீபகற்பத்தின் நெடுகப் போகும் தார்ச்சாலை 1973இல்தான் முடிந்தது. அதுவரை முலெஹே, பாஹியா தே லோஸ் ஆங்ஹெலெஸ் போன்ற ஊர்களுக்கு அவசரத்தில் போய்ச்சேர மண் ஓடுதளங்களை விட்டால் வேறு வழி அரிது. 1961இல் மோசமான வானிலையால் எல் ரொசாரியோவில் இறங்க நேர்ந்த ஒரு சிறு விமானப் பயணத்திலிருந்துதான் ஃபிளையிங் சமாரிடன்ஸ் என்ற தொண்டு அமைப்பு பிறந்தது. அதன் மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் பாஜாவின் கிராம மருத்துவ முகாம்களுக்குச் சம்பளமின்றிப் போய்வருகிறார்கள். ஓடுதளத்தை நம்பி விடுதி நடத்துவோர், எரிபொருள் விற்போர், படகோட்டுவோர் என்று மெக்சிகோ தரப்பிலும் இந்தப் போக்குவரத்தால் பிழைக்கும் குடும்பங்கள் பல. விமானத்தை நிறுத்திவிட்டுப் போனால் காலையில் அது அங்கே இருக்குமா என்ற அச்சம் இரு தரப்பையும் இப்போது வாட்டுகிறது.

திருடர்கள் கைக்குக் கிடைத்த விமானத்தை எடுத்துப்போவதில்லை. அவர்கள் குறிவைப்பது செஸ்னா 206, 210, 182 போன்ற ரகங்களை. 206ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இறக்கை, கல்லிலும் மண்ணிலும் இறங்கத் தாங்கும் நிலையான சக்கரங்கள், பின்பக்கம் சரக்கு ஏற்ற அகலமான இரட்டைக் கதவு. இருக்கைகளைக் கழற்றிவிட்டால் அரை டன் அளவுக்கு ஏற்றிக்கொண்டு குறுகிய மண் ஓடுதளத்திலிருந்து எழும்பிவிடும். மலைக்கிராமத்துக்கு மருந்து கொண்டுபோக அதை உகந்ததாக்கும் ஒவ்வொரு குணமும் போதைப்பொருள் கடத்துகிறவனுக்கும் உகந்ததாக இருக்கிறது. விலைக்கு வாங்கினால் பெயரும் பணமும் பதிவாகும், திருடினால் ஆகாது. ஓரிரு நடைக்குப் பிறகு அந்த விமானத்தைக் கைவிட்டாலும் எரித்தாலும் கடத்தல்காரனுக்கு நட்டமில்லை. 2020 ஜூலையில் கின்டானா ரோ மாநிலத்தில் நெடுஞ்சாலையிலேயே இறக்கப்பட்ட ஒரு ஜெட் விமானம் எரிந்து கிடந்தது. அருகே ஒரு வண்டியில் கொக்கெய்ன் பிடிபட்டது. ஒரு ஜெட்டையே இப்படிக் கொளுத்திவிட்டுப் போகிறவர்களுக்கு நாற்பது வயதான ஒரு செஸ்னா எம்மாத்திரம்?

பூட்டி வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிறு விமானத்தின் எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது மேக்னெட்டோ. அதற்கு பேட்டரி தேவையில்லை. சாவியைத் திருப்பி எடுக்கும்போது நாம் செய்வதெல்லாம் மேக்னெட்டோவை எர்த் செய்து அடக்கி வைப்பதுதான். அந்தக் கம்பியைத் துண்டித்துவிட்டால் சாவிக்கு வேலையே இல்லை. ஆகவே புரொப்பெல்லர் பூட்டு, த்ராட்டில் பூட்டு, சக்கரப் பூட்டு என்று வெளியிலிருந்து சேர்ப்பவைதான் உண்மையான காப்பு. 24 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தப்படும் விமானத்துக்கு இரண்டு பூட்டுகள் வேண்டும் என்று நியூ ஜெர்சி மாநிலம் 2003இல் விதித்தது. எல்லை தாண்டும் எங்கள் உறுப்பினர்கள் அனைவரும் அதே விதியைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று நாங்களும் தீர்மானித்திருக்கிறோம். ஆனால் பூட்டு திருடனைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அந்தத் தாமதத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஓடுதளத்தில் விழித்திருக்கும் ஆள் வேண்டும்.

அந்த ஆளும் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். 2022 செப்டம்பர் 3ஆம் நாள் அமெரிக்காவின் டுபெலோ நகரில் ஒரு கிங் ஏர் விமானத்தை எடுத்துப் பறந்து, ஒரு பல்பொருள் அங்காடியின் மேல் மோதுவேன் என்று மிரட்டியவர் அதே விமான நிலையத்தில் எரிபொருள் நிரப்பும் ஊழியர். அவருக்கு விமானி உரிமம் கிடையாது. 2010 ஜூலையில் இந்தியானா மாநிலத்தின் புளூமிங்டனில் திருடிய ஒற்றை எஞ்சின் விமானத்தை, முறையாகப் பயிற்சி பெறாத 19 வயது இளைஞன் பஹாமாஸ் தீவுகள்வரை ஓட்டிப்போய்ச் சதுப்பில் இறக்கினான். எனவே இது மெக்சிகோவுக்கு மட்டும் உரிய குறை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. காவலும் வெளிச்சமும் ஊழியர் பின்னணிச் சோதனையும் இல்லாத ஓடுதளம் எந்த நாட்டில் இருந்தாலும் அங்கே இது நடக்கும்.

ஆகவே எங்கள் முதற் கோரிக்கை: தனியார் விமானங்கள் இரவு தங்க அனுமதியுள்ள மெக்சிகோ விமான நிலையங்களில் எவற்றில் 24 மணி நேரக் காவல், வேலி, விளக்கு, கேமரா உண்டு என்ற பட்டியலை முகமை வெளியிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். குவாய்மாஸ் உட்படச் சில நிலையங்களின் நிர்வாகம் அண்மை ஆண்டுகளில் மெக்சிகோ கடற்படையிடம் வந்துள்ளது. அங்கே ஆயுதக் காவல் ஏற்கெனவே இருப்பதால், சிறு விமானங்களை நிறுத்தும் இடத்தையும் அந்தக் காவல் வட்டத்துக்குள் கொண்டுவருவது பெரிய செலவில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயண எச்சரிக்கைகள் மாநிலவாரியாக எழுதப்படுகின்றன. சினலோவாவுக்குப் போகாதீர்கள் என்று அவை சொல்வதை மதிக்கிறோம். ஆனால் ஒரு விமானிக்குத் தேவையானது ஓடுதளவாரியான தகவல். ஒரே மாநிலத்தில் பத்திரமான நிலையமும் இருக்கும், இறங்கவே கூடாத மண் ஓடுதளமும் இருக்கும்.

இனி எங்கள் மனுவின் உயிர்நாடிக்கு வருகிறோம். விமானம் போனது ஓர் இழப்பு. அதன்பின் உரிமையாளர் சந்தேக வளையத்துக்குள் வந்துவிடுகிறார் என்பது அதைவிடக் கொடியது.

எப்படி என்று பாருங்கள். எல்லை தாண்டும் ஒவ்வொரு பயணத்துக்கும், போகும்போதும் திரும்பும்போதும், அமெரிக்கச் சுங்கத் துறைக்குப் பயணிகள் விவரத்தை முன்கூட்டியே மின்னணு வழியில் அனுப்புகிறோம். 2009 முதல் இது கட்டாயம். மெக்சிகோவுக்குள் விமானம் தற்காலிக நுழைவு அனுமதியின் பேரில் வருகிறது. கெடு முடிவதற்குள் அது வெளியேறியாக வேண்டும். திருடுபோன விமானம் வெளியேறாது. இரு நாட்டுக் கணக்கிலும் அது உரிமையாளரின் பெயரிலேயே நிற்கும். அவரோ பேருந்திலோ பயணிகள் விமானத்திலோ வீடு திரும்பியிருப்பார். சில வாரங்கள் கழித்து அவரது பதிவெண்ணைத் தாங்கிய விமானம் எங்கோ ஒரு மலையடிவாரத்தில் வெள்ளைப் பொடியின் தடயத்தோடு சிக்கினால், விசாரணைக்காரர்களின் முதல் கேள்வி அவரை நோக்கித்தான் வரும். ஸ்பானிய மொழியில் அரசு வழக்குத் தொடுப்பாளர் அலுவலகத்தில் கொடுத்த புகாரின் நகல் ஒன்றுதான் அவர் கையிலிருக்கும் ஆதாரம். அந்தப் புகார் அமெரிக்கத் துறைகளை எட்டியதா, எட்டியிருந்தால் எந்த மேசையில் இருக்கிறது என்பதை அவரால் அறிய முடிவதில்லை.

எனவே இரண்டாவது கோரிக்கை: விமானத் திருட்டுப் புகாருக்கு இரு நாடுகளும் ஏற்கும் ஒரே படிவம், இரு மொழிகளில். அதை எந்தத் துறையில் கொடுத்தாலும் 24 மணி நேரத்துக்குள் இந்த மனு சேரும் நான்கு அலுவலகங்களுக்கும் அது போய்ச்சேர வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து நுழைவு அனுமதியின் கெடு நிறுத்திவைக்கப்பட வேண்டும். விமானம் வெளியேறாததற்காக அபராதமோ வழக்கோ கூடாது. குற்றத்தில் பயன்பட்ட சொத்தை அரசுடைமையாக்க வழிசெய்யும் மெக்சிகோவின் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தால், குற்றம் நடக்கும் முன்பே பதிவான திருட்டுப் புகாரை உரிமையாளரின் நன்னம்பிக்கைக்குச் சான்றாக ஏற்க வேண்டும். எங்களுக்கு இதைவிட அவசரமான கோரிக்கை இல்லை.

மீட்பைப் பொறுத்தவரை புதிய சட்டம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. களவுபோன வாகனங்களையும் விமானங்களையும் பரஸ்பரம் திருப்பித் தருவதற்கு இரு நாடுகளும் 1936இலேயே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் இடத்தில் 1981 ஜனவரி 15ஆம் நாள் வாஷிங்டனில் புதிய உடன்படிக்கை கையெழுத்தாகி, 1983இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டில் பிடிபடும் விமானம் மற்ற நாட்டில் பதிவானதாகத் தெரிந்தால் அந்நாட்டுத் தூதரகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிய ஆவணங்களோடு கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல உடன்படிக்கை. ஆனால் அது அரசும் அரசும் பேசிக்கொள்ளும் ஏற்பாடாகவே இருக்கிறது. உரிமையாளர் எங்கே போய்க் கேட்பது என்பதற்கு அதில் வாசல் இல்லை. தூதரகத்தில் இதற்கென ஒரு தொடர்பு அலுவலரை நியமியுங்கள். இந்த உடன்படிக்கையின் கீழ் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை விமானங்கள் பற்றி அறிவிப்பு வந்தது, எத்தனை திரும்பின, எத்தனை மாதத்தில் திரும்பின என்று வெளியிடுங்கள். விசாரணைக்காகப் பிடித்து வைத்திருக்கும் விமானத்தை வெயிலிலும் கடற்காற்றிலும் திறந்த வெளியில் போட்டு வைக்காதீர்கள். உப்புக்காற்றில் ஓராண்டு நின்ற அலுமினியமும் ஓடாத எஞ்சினும் என்ன ஆகும் என்பதை எந்த மெக்கானிக்கும் சொல்வார். அப்படித் திரும்பி வருவது விமானமல்ல, பழைய இரும்பு.

இதில் உயிர் தொடர்பான ஒன்றும் இருக்கிறது. 2001 ஏப்ரல் 20ஆம் நாள், பெரு நாட்டில் அமேசான் ஆற்றின் மேலே பறந்துகொண்டிருந்த ஒரு மிஷனரிக் குடும்பத்தின் செஸ்னா 185ஐக் கடத்தல் விமானம் என்று எண்ணி அந்நாட்டு விமானப்படை சுட்டது. அதை முதலில் கண்டு சொன்னது அமெரிக்க உளவுத்துறையின் கண்காணிப்பு விமானம். ஒரு தாயும் அவரது கைக்குழந்தையும் இறந்தார்கள். காலில் குண்டு பாய்ந்த நிலையில் விமானி ஆற்றில் இறக்கினார். அது திருடிய விமானம் அல்ல. முறையாகப் பறந்த விமானம். பறக்கும் குடிமை விமானத்தின் மேல் ஆயுதம் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்ற பிரிவு, 1984இல் குடிமை விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டு 1998இல் நடைமுறைக்கு வந்த பிறகும் இது நடந்தது.

ஒவ்வொரு திருட்டும் இத்தகைய ஆபத்தை எங்கள் எல்லோருக்கும் கூட்டுகிறது. வெள்ளை உடலும் நீலக்கோடும் கொண்ட 206கள் ஏராளம். திருடிய விமானத்தின் மேல் இன்னொருவரின் பதிவெண்ணை எழுத ஒரு டப்பா பெயின்ட் போதும். ஆகவே திருடுபோன விமானத்தின் பதிவெண், தொடரெண், நிறம், டிரான்ஸ்பாண்டர் அடையாளம் அடங்கிய பட்டியலை இரு நாட்டு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைகளும் அதே நாளில் பெற வேண்டும். பதிவேட்டைப் பார்க்கும் எவருக்கும் 'திருட்டு' என்ற குறி தெரிய வேண்டும். இதை எஃப்.ஏ.ஏ. செய்ய முடியும். டெக்சாஸில் விமான நிலையமே இல்லாத ஓனலாஸ்கா என்ற சிற்றூரின் முகவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் பதிவாகியிருந்த செய்தி உலகறிந்தது. பதிவேட்டின் அந்தத் தளர்ச்சிக்கு, எல்லையில் ஒவ்வொரு முறையும் சந்தேகப் பார்வையோடு சோதிக்கப்படும் நேர்மையான உரிமையாளர்கள் விலை கொடுக்க வேண்டியதில்லை.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக. விமானக் காப்பீடுகளில் பரவலாகச் சேர்க்கப்படும் போர் ஆபத்து விலக்கு, அரசு பறிமுதலையும் பறக்கும்போது நடக்கும் கடத்தலையும் காப்பிலிருந்து நீக்கிவிடுகிறது. துப்பாக்கி முனையில் விமானியையே ஓட்ட வைத்தால் அது திருட்டா, கடத்தலா? புகாரைப் பதிவுசெய்யும் அதிகாரி எழுதும் ஒரு சொல்லில் குடும்பத்தின் எதிர்காலம் தொங்குகிறது. பொதுப் படிவத்தில் நடந்தது என்ன என்பதை விவரமாக எழுத இடம் வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். அப்படி மிரட்டலுக்கு ஆளாகி ஓட்டிய விமானி, தப்பி வந்து தானாகவே அதிகாரிகளிடம் சொல்லும்போது, அவரை முதலில் மருத்துவரிடமும் தூதரகத்திடமும் அனுப்ப வேண்டும். விலங்கு பூட்டக் கூடாது.

சான் இக்னாசியோ கடற்கழியில் திமிங்கிலம் காணும் பருவம் ஜனவரியில் தொடங்குகிறது. எங்கள் உறுப்பினர்கள் மிகுதியாகப் பறக்கும் மாதங்கள் அவை. விமான நிலையப் பட்டியலையும் பொதுப் புகார்ப் படிவத்தையும் அதற்கு முன்பாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். மற்றவை குறித்து, நான்கு அலுவலகங்களின் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் அமரும் கூட்டம் ஒன்றை 60 நாட்களுக்குள் சான் டியேகோவிலோ டிஹுவானாவிலோ கூட்ட வேண்டுகிறோம். எங்கள் தரப்பில் இரண்டு விமானிகளும் ஒரு விமான மெக்கானிக்கும் ஸ்பானிய மொழி அறிந்த வழக்கறிஞர் ஒருவரும் வருவார்கள். இரு மொழிப் படிவத்தின் மாதிரியை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள்

இணைப்பு: திருட்டுப் புகார்ப் படிவ மாதிரி (ஸ்பானியம், ஆங்கிலம்).