உமிக்கும் விலை உண்டு

“கூலி ஏறிப்போச்சு, மில்லை நடத்த முடியல.” நாஞ்சில் நாட்டில் அரிசி ஆலை முதலாளி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் வரும் முதல் பதில் இதுதான். கரண்ட் பில், வங்கி வட்டி, லாரி வாடகை எல்லாமும்தான் ஏறியிருக்கிறது. அவற்றுக்கெல்லாம் வெறும் சலிப்பு. கூலி என்றால் மட்டும் கோபம். அந்தக் கோபத்துக்குச் சாதி இருக்கிறது தோழர்களே.

என் அம்மா நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ்மில் களத்தில் பதினெட்டு வருடம் நெல் காயப்போட்டவர். கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு அறுவடைக்கும் வேலை இருக்கும். மழை பெய்தால் கூலி கிடையாது. களத்தில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் எங்கள் காலனி. கணக்கு மேசையில் எங்கள் தெரு ஆள் ஒருவரும் உட்கார்ந்ததில்லை. முதலாளியின் பத்து வயதுப் பையன் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அம்மா அவனைச் ‘சின்ன மொதலாளி’ என்பார்.

அவர் வேலைக்கு ‘திறன் தேவைப்படாத வேலை’ என்று பெயர். அவித்த நெல்லை விரித்து, வெயிலில் நடந்து நடந்து காலால் கிளறிவிட வேண்டும். சட்டென்று காய்ந்தால் அரைக்கும்போது குருணையாகும். ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்கு வந்ததும் அள்ள வேண்டும். அம்மாவிடம் கருவி ஏது? ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பதம் சொல்வார். 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி என்பது அரசுக் கொள்முதல் கணக்கு. அதில் முழு அரிசி எவ்வளவு, குருணை எவ்வளவு என்பது களத்தில் நின்றவர்களின் கையிலும் இருந்தது. உமி பாய்லருக்குப் போகும், தவிடு எண்ணெய் ஆலைக்குப் போகும். உமிக்கும் விலை உண்டு. பதம் பார்த்தவளுக்குத்தான் இல்லை.

இன்று பல ஆலைகளில் உலர்த்தும் இயந்திரம் வந்துவிட்டது. அதே வேலையை இயந்திரத்தில் செய்பவர் ‘ஆபரேட்டர்’. காலால் செய்த அம்மா ‘கூலிக்காரி’.

திருவிதாங்கூர் 1855இல் அடிமை முறையை ஒழித்தது. அடிமைகளாக வயலில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் களத்துக்கு வந்தார்கள். குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946இல் கொண்டுவந்தவர் அம்பேத்கர். ஜெகஜீவன்ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது 1948இல் அது சட்டமானது. அரிசி, மாவு, பருப்பு ஆலைகளும் எண்ணெய் ஆலைகளும் அதன் முதல் பட்டியலிலேயே இருந்தன. உழைப்பை உறிஞ்சும் இடங்கள் எவை என்று அன்றே தெரிந்திருந்தது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் சென்னையை அடுத்த செங்குன்றம் அரிசி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டார்கள். வாங்கிய முன்பணம் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. குறைந்த கூலிக்கு எந்தச் சாதி கிடைக்கும் என்று ஆலைக்குத் தெரியும்.

சிறிய ஆலைகள் திணறுவது உண்மைதான். அந்தச் சுமையை ஏன் களத்துப் பெண் மட்டும் சுமக்க வேண்டும்? களவேலையைத் திறன்வேலைப் பட்டியலில் சேர்க்கட்டும். மழை நாளுக்கும் கூலி கொடுக்கட்டும். கூலி விகிதத்தை ஆலைச் சுவரில் எழுதிப் போடட்டும்.

நாமும் ஒன்று செய்யலாம். பாரம்பரிய அரிசி, மரச்செக்கு எண்ணெய் என்று தேடி வாங்குகிறோம். விதையின் ஊரைக் கேட்கிற வாயால், காயப்போட்டவருக்கு என்ன கூலி கொடுத்தீர்கள் என்றும் கேட்போம்.