எடை தூக்கினால் பெண் ஆணாகிவிடுவாளா?

இளம்பெண் எடை தூக்கி, கூடுதலாகச் சாப்பிட்டுத் தசை சேர்த்தால் உடம்பு ஆண்பிள்ளை போல முறுக்கேறிவிடும், பிறகு குறைக்கவே முடியாது என்கிறார்கள். தவறு.

ஒன்று: தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கு ஆண்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல் குறைவு. டோக்கியோ ஒலிம்பிக்கில் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு 49 கிலோவுக்கு மிகாத உடலோடு மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். எங்கே அந்த ஆண் உடம்பு?

இரண்டு: கூடுதல் சாப்பாடு என்பது கண்டதையும் அள்ளிப்போடுவதல்ல. நாளுக்கு 250, 300 கலோரி அதிகம், அவ்வளவுதான். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவு; 50 கிலோ பெண்ணுக்கு 80 கிராம். காலையில் நாலு இட்லி, மதியம் ரசம் சாதம் என்றிருந்தால் அதில் பாதியாவது தேறுமா? முட்டை, மீன், சுண்டல், தயிர் தட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் கொழுப்பும் சேரும்தான். பயிற்சியை விடாமல் சாப்பாட்டை மெல்லக் குறைத்தால் அது கரையும்.

மூன்று: எலும்பின் வலு முப்பது வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. எடை தூக்கி, நன்றாகச் சாப்பிட்டு அதைக் கட்ட வேண்டிய வயதில்தான் "ஒல்லியா இரு" என்று சோற்றைக் குறைக்கச் சொல்கிறோம். அரைவயிறு தின்று மாதவிடாயே நின்றுபோகும் பெண்களுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?