வாடகை வீடு பார்க்குமுன்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றனர் நம் முன்னோர். இன்று அவர்கள் நம்மிடையே இருந்தால், பட்டணத்தருகே வாடகைக்கு ஒரு வீடு தேடிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்லியிருப்பர். நம் பங்குக் குடும்பங்களிலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகள் வேலையேற்கச் சென்னைக்குச் செல்கின்றனர். திருமணமான சில மாதங்களில் இளந்தம்பதியர் கையில் இரண்டு பெட்டிகளுடன் அந்நகரின் புறத்தே வீடு தேடி அலைகின்றனர். பெற்றோர் ஊரிலிருந்து சேமிப்பை அனுப்பி உதவுகின்றனர். அச்சேமிப்பும் பிள்ளைகளின் உயிரும் நலமும் ஒரு மாலைப்பொழுதில் எடுக்கும் முடிவைச் சார்ந்துள்ளன. எனவே, இம்மாதம் இப்பொருள் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. வெயில் காயும் ஞாயிற்றுக்கிழமை காலையில், புதுச் சுண்ணாம்பு மணக்க நிற்கும் எந்த வீடும் அழகாகவே தோன்றும். மழைநாளில், தண்ணீரில்லாக் கோடையில், நள்ளிரவில், வீட்டுக்காரரோடு மனத்தாங்கல் நேர்ந்த வேளையில் அவ்வீடு எப்படியிருக்கும் என்று கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.

கணக்கைப் போடுங்கள்

நகரினுள் வாடகை கட்டுப்படியாகாமல், தாம்பரம், செங்கற்பட்டு வழியிலோ, ஆவடி, திருவள்ளூர் வழியிலோ, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியிலோ மக்கள் வெளியே செல்கின்றனர். இம்மூன்று வழிகளிலும் மின்சார ரயில் ஓடுவதால் அஃது அறிவுடைய செயலே. ஆயினும் வாடகை குறைவதனால் மட்டும் செலவு குறைந்துவிடாது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். நகரினுள் ரூ. 18,000 கேட்கும் அளவிலான வீடு புறநகரில் ரூ. 11,000-க்குக் கிடைக்கிறதென்று கொள்வோம். மாதம் ரூ. 7,000 மிச்சம் என்று மனம் மகிழ்கிறது. ஆனால் அவ்வீடு நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. கணவனும் மனைவியும் போக வர ஷேர் ஆட்டோவுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ரூ. 40 கொடுத்தால், இருபத்தைந்து நாளில் ரூ. 2,000 ஆகிறது. பராமரிப்புக் கட்டணம் ரூ. 1,500, கோடையில் தண்ணீர் லாரிக்குப் பங்கு ரூ. 1,500. மிச்சம் ரூ. 2,000 ஆகச் சுருங்குகிறது. நாள்தோறும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பயணத்தில் கழிந்தால், மாதத்தில் ஐம்பது மணி நேரம் குழந்தையின் முகம் பாராமல் போகிறது. இதற்கு என்ன விலை வைப்பது? நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், ஆயிரம் ரூபாய் கூடுதலாயினும், சிறியதொரு வீட்டைக் கொள்வதே பல குடும்பங்களுக்கு இலாபமாயிருக்கும்.

மின்கட்டணத்தையும் கேளுங்கள். வீட்டிற்குத் தனி மீட்டர் உண்டா, அல்லது வீட்டுக்காரரே அலகுக்கு இவ்வளவென்று வாங்குகிறாரா? 2016-ஆம் ஆண்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்திற்கு 100 அலகு மின்சாரத்தை அரசு இலவசமாக்கியது. தனி மீட்டர் இல்லாத குடித்தனக்காரர் பலர் அச்சலுகையின் பயனைக் கண்ணாலும் காணவில்லை.

நிலமும் நீரும்

சென்னையைச் சூழ்ந்த புறநகர்களிற் பல, ஒரு காலத்தில் ஏரிகளும் அவற்றின் வடிகால்களுமாயிருந்த நிலத்தில் எழுந்தவை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டபோது, தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மக்கள் மாடிகளில் அடைக்கலம் புகுந்து படகுக்குக் காத்திருந்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் நாட்கணக்கில் தண்ணீர் தேங்கி நின்றது. அங்கெல்லாம் வாழவே கூடாதென்று நாம் சொல்லவில்லை, இலட்சக்கணக்கானோர் வாழ்கின்றனர். ஆனால் ஒரே பகுதியில் ஒரு தெரு மூழ்கும். அடுத்த தெரு காய்ந்திருக்கும். அந்த வேறுபாட்டைத் தரகர் சொல்லமாட்டார். தெருமுனையில் கடை வைத்திருப்பவரையும், இஸ்திரி போடுபவரையும் கேளுங்கள். "2015-இல் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது?" என்ற ஒரு கேள்வி போதும், கையை உயர்த்திச் சுவரில் காட்டிவிடுவர். ஏரி, தாங்கல், மதகு, கால்வாய் என்னும் சொற்கள் தெருப்பெயரில் இருந்தால் இருமுறை விசாரியுங்கள்.

வெள்ளம் ஒருபுறமிருக்க, வறட்சியையும் அந்நகர் கண்டதுண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. ஆகவே ஆழ்குழாய்க் கிணற்றின் நீர் உப்பா, மே மாதத்தில் வற்றுகிறதா, லாரிச் செலவு யாருடையது என்பவற்றைக் கேளுங்கள். குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்புளித்துப் பார்த்தாலே உப்பு தெரிந்துவிடும். பாதாளச் சாக்கடை இல்லாத இடமாயின், கழிவுநீர்த் தொட்டியை எத்தனை நாளுக்கொருமுறை எடுக்கின்றனர், அதற்கு யார் பணம் கொடுப்பது என்பதையும் கேட்பதில் வெட்கம் வேண்டா.

சுவரும் கம்பியும்

2014 ஜூன் 28-ஆம் நாள், போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்து விழுந்து 61 பேர் மாண்டனர். அதன் அருகே நின்ற இணைக் கட்டடமும் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்கக் குடியேறுவோரால் இயலாது. ஆயினும் கண்ணாலே காணக்கூடியவை பல உண்டு. தூணிலும் உத்தரத்திலும் காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? சுவரில் குறுக்காக ஓடும் விரிசலில் நாணயம் நுழைகிறதா? மொட்டை மாடியில் பிற்பாடு எழுப்பிய அறையைத்தான் குறைந்த வாடகைக்குத் தருகின்றனரா? புதுக் கட்டடமாயின், திட்ட அனுமதியையும் பணி நிறைவுச் சான்றையும் காட்டுமாறு பணிவோடு கேளுங்கள். அனுமதித்த மாடிகளைவிடக் கூடுதலாக ஒரு மாடி நிற்குமாயின், அங்கே குடியேறாதிருப்பதே நன்று.

வீட்டினுள் சென்றதும் மின்பலகையைப் பாருங்கள். மின்கசிவு நேர்ந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. கருவி இருக்கிறதா? அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தச் சொல்லி, மின்சாரம் நிற்கிறதா என்று பாருங்கள். அக்கருவி இல்லையெனில், அதைப் பொருத்தித் தந்த பின்பே குடியேறுவதாகச் சொல்லுங்கள். அதன் விலை ஓர் உயிரின் விலையன்று. காற்றுப் போக்கில்லாக் குளியலறையில் காஸ் கீசர் வைத்திருந்தால் அது பேராபத்து. அதிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் பால்கனிக் கைப்பிடி ஒரு மீட்டர் உயரமாவது இருக்கவேண்டும். குழந்தை ஏறக்கூடிய குறுக்குக் கம்பிகள் இருத்தல் கூடாது. அந்தி சாய்ந்தபின் மீண்டும் ஒருமுறை சென்று, நிலையத்திலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள். அவ்வழியில் விளக்கு எரிகிறதா என்பதை, பணி முடிந்து இரவில் திரும்பும் மனைவியோ மகளோ சொல்லட்டும். அவர்கள் மறுத்தால் அவ்வீடு வேண்டா.

ஏடும் எழுத்தும்

பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையின் நெடுநாள் வழக்கம். ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாதென்கிறது. "மாறான உடன்பாடு" என்னும் சொற்களைக் கவனியுங்கள். பத்து மாதம் தருவதாக நீங்களே எழுத்தில் ஒப்பினால், பின்னர்ச் சட்டத்தைச் சுட்டிப் பயனில்லை. பேரம் பேசவேண்டியது கையொப்பமிடுமுன். குடித்தன ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவெண் பெறவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியே. தகராறு எழுந்தால் தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாதென்றும் அது தடுக்கிறது.

முன்பணத்தை வங்கி வழியே செலுத்தி ரசீது பெறுங்கள். காலி செய்தால் எத்தனை நாளில் அது திரும்பும், சுண்ணாம்படிக்க எவ்வளவு பிடிப்பர், வாடகை எப்போது எவ்வளவு உயரும் என்பவற்றை எழுத்தில் கொணருங்கள். புலால் சமைப்பது, ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குவது முதலியவற்றில் தடையுண்டா என்றும் முன்னரே கேட்பது பிற்பாடு வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

மிகுந்த எச்சரிக்கை வேண்டுவது லீஸ் முறையில். மாத வாடகை இல்லை, சில இலட்சங்களை மொத்தமாகக் கொடுத்தால் போதும் என்பது கேட்க இனிக்கும். ஆனால் உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்த வீட்டை, இடைத்தரகர் ஒருவர் தம்முடையதுபோல் லீசுக்கு விட்டு மறைந்துபோவது நடந்துவரும் மோசடி. வங்கிக் கடனில் அடகு கிடக்கும் வீட்டை லீசுக்கு விடுவோரும் உளர். கடன் நின்றால் வங்கி கையகப்படுத்தும்போது, குடியிருப்பவரின் பணம் நட்டாற்றில் நிற்கும். வீட்டுவரி ரசீது, மின் அட்டை ஆகியவற்றிலுள்ள பெயரும், எதிரே அமர்ந்திருப்பவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, பலர் கேட்கின்றனர், இன்றே ஐயாயிரம் அனுப்புங்கள் என்று அவசரப்படுத்துவோருக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள். வீட்டினுள் கால் வைக்காமல் கைப்பணம் விடுவது ஆழம் தெரியாமல் காலை விடுவதே.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளைக்குப் பணம் அனுப்புவதோடு நில்லாமல், முடிந்தால் நீங்களும் ஒருமுறை சென்று அவ்வீட்டைப் பாருங்கள். அப்பகுதியில் ஏற்கனவே குடியிருக்கும் நம் ஊரார் எவரேனும் உண்டா என்று விசாரித்துச் சொல்லுங்கள். இக்கேள்விகளுக்கெல்லாம் முகஞ்சுளிக்காமல் விடை சொல்லும் வீட்டுக்காரர் கிடைத்தால், வீடு சற்றுச் சிறியதாயினும் அங்கே குடியேறலாம். கேட்டதற்கே சினப்பவரிடம், நாளைக்குக் குழாய் உடைந்தால் யார் போய்ச் சொல்வது?