சாவியும் பொத்தானும்

பொத்தானை அழுத்தி மோட்டார் வண்டியைக் கிளப்புவது ஏதோ இந்த நூற்றாண்டின் நூதன விந்தை என்று விளம்பரக்காரர்கள் பிரஸ்தாபித்தாலும், 1912-இல் காடிலாக் வண்டியில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்து, கைப்பிடியைச் சுழற்றி மணிக்கட்டை முறித்துக்கொள்ளும் அவஸ்தையை ஒழித்த பிற்பாடு, நெடுங்காலம் பொத்தானையோ மிதியையோ அழுத்தித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள் என்பதும், சாவியைத் திருப்பினாலே கிளம்பும் ஏற்பாட்டைக் கிரைஸ்லர் கம்பெனி கொணர்ந்தது 1949-இல்தான் என்பதும் சரித்திரம்.

ஆகவே பழமையின் பெயரால் சாவிக்கு வக்காலத்து வாங்க நான் முற்படவில்லை. அதிலும் தோஷம் உண்டு: ஜெனரல் மோட்டார்ஸ் சில வண்டிகளில் வைத்த சாவி சுவிட்சு, சாவிக்கொத்தின் பாரத்தாலும் குலுக்கலாலும் தானே நழுவி, ஓடும்போதே எஞ்சினை அணைத்து, விபத்து நேர்கையில் காற்றுப்பையையும் விரியவிடாமல் செய்தமையால், 124 மரணங்களுக்கு நஷ்டஈடு வழங்க நேர்ந்தது.

ஆயினும் உருவிய சாவி கைக்கு வந்துவிட்டால் எஞ்சின் நின்றுவிட்டது என்பது நிச்சயம். பொத்தான் வண்டியிலோ சாவிக்கருவி சட்டைப் பையிலேயே கிடக்கிறது, இக்காலத்து எஞ்சினுக்குச் சப்தமும் சொற்பம் (அதுவும் ஒரு பெருமையாம்!). அணைக்க மறந்து, வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் வண்டியை விட்டுச் சென்று, கார்பன் மோனாக்ஸைடு உள்ளே பரவ உறக்கத்திலேயே மாண்டவர்கள் அமெரிக்காவில் பலர். வீட்டுக்குள் மேஜைமேல் கிடக்கும் கருவியின் சமிக்ஞையை வாசல்வரை கடத்தி, கீறல்கூட இல்லாமல் வண்டியைக் களவாடும் சாமர்த்தியசாலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பொத்தான் இருக்கட்டும், ஆனால் ஆளில்லாமல் நெடுநேரம் ஓடும் எஞ்சின் தானே அணையும் ஏற்பாட்டை, கம்பெனிகளின் தயவுக்கு விடாமல், எல்லா வண்டிகளுக்கும் சர்க்கார்கள் கட்டாயமாக்க வேண்டும்.